அடுத்து எந்த புரோகிராமிங் மொழி? வேலையை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்கெனவே ஒரு மொழியில் கோட் எழுதத் தெரிந்து, 'இன்னொன்று கற்றால் நல்ல வேலைக்குப் போகலாமே' என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்டர்வியூ மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த பழக்கம் உண்டு. அதனால் எனக்கென்று சில சாய்வுகளும் உண்டு, அவற்றை ஒளித்துவைக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அடுத்து எதைக் கற்பது?

டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் ஒழுங்காகத் தெரியாதென்றால் எஸ்க்யூஎல். அது தெரியுமென்றால், நீங்கள் போய்ச் சேர நினைக்கும் வேலையில் இருப்பவர்கள் தினமும் எதில் எழுதுகிறார்களோ அது.

இரண்டாவது பாதி நழுவல் பதில் போலத் தோன்றும். ஆனால் மொழிக்கென்று தனியாக வேலைச் சந்தை கிடையாது. 'ரஸ்ட் எழுத ஒரு ஆள் வேண்டும்' என்று யாரும் சும்மா தேடுவதில்லை. நெட்வொர்க் புராக்ஸி எழுத, பிரவுசரின் ஒரு பகுதியை மாற்றி எழுத, டேட்டாபேஸ் எஞ்சின் கட்ட ஆள் தேடுகிறார்கள். ரஸ்ட் அங்கே குடியிருக்கிறது. ஜாவா குடியிருப்பது வங்கி, காப்பீடு, பெரிய நிறுவனங்களின் பேக்எண்டில், அதாவது திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதியில். பைதான் தரவு ஆய்விலும் மெஷின் லேர்னிங்கிலும். கோ என்ற மொழி கிளவுட் உள்கட்டமைப்பில். சி ஷார்ப் மைக்ரோசாஃப்ட் சார்ந்த அலுவலக மென்பொருளிலும் யூனிட்டி கேம்களிலும். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தெருவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள். வீடு பிடித்துத் தெரு பிடிக்காமல் போனால் அங்கே எத்தனை நாள் இருப்பீர்கள்?

எந்த வேலை வேண்டும் என்பதே தெளிவாக இல்லையே. எங்கிருந்து தொடங்குவது?

வேலை விளம்பரங்களிலிருந்து. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், செய்யமாட்டார்கள். ஒரு சனிக்கிழமை போதும்.

நீங்கள் உண்மையாகவே விண்ணப்பிக்கக்கூடிய இடங்களில், உங்கள் அனுபவத்துக்கு ஒரு படி மேலே இருக்கும் விளம்பரங்களாக 30 எடுங்கள். படித்தவுடன் 'இதைச் செய்தால் நன்றாக இருக்கும்' என்று தோன்றியவை மட்டும். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: 'கட்டாயம் வேண்டும்' என்று கேட்டவை, 'தெரிந்திருந்தால் நல்லது' என்று கேட்டவை. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, மொழியின் பெயர் ஒரு வரிதான் வருகிறது. மீதி வரிகளில் டேட்டாபேஸ், புரோகிராமைப் பொட்டலமாக்கி ஓட்டும் டாக்கர், டெஸ்ட் எழுதுவது, ஏதாவது ஒரு கிளவுட், செய்தி வரிசைக்குக் காஃப்கா என்று வேறு பட்டியல். இரண்டாவது, நீங்கள் ஆசைப்பட்ட மொழி பெரும்பாலும் 'நல்லது' பத்தியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பத்திக்காக ஆறு மாதம் செலவழித்துவிட்டு 'கட்டாயம்' பத்தியில் ஓட்டையோடு இன்டர்வியூவுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக்கூடாது. ஒரு மொழிக்கு ஆயிரம் வேலை இருந்து ஒரு லட்சம் பேர் மோதினால், ஐம்பது வேலைக்கு நூறு பேர் வரும் இடம் மேல். ஆனால் சின்னச் சந்தைக்கு ஒரு ஆபத்து உண்டு: அந்த ஐம்பதில் நான்கு நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தினாலே சந்தை காய்ந்துவிடும். குடும்பப் பொறுப்பு, கடன் இருப்பவர்கள் பெரிய சந்தையிலேயே நிற்பதில் தவறில்லை.

தரவரிசைப் பட்டியல்களில் முதலிடத்தில் இருப்பதைக் கற்றால் ஆகாதா?

அந்தப் பட்டியல் எதை அளக்கிறது என்று முதலில் பாருங்கள். டியோபி என்ற பட்டியல், ஒரு மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால் தேடுபொறிகளில் எத்தனை பக்கங்கள் வருகின்றன என்று எண்ணுகிறது. அதில் பைதான் 2021 அக்டோபரில் முதலிடம் பிடித்தது. அதற்கு முந்தைய வருடம் சி முதலிடத்தில் இருந்தது. பக்கங்களின் எண்ணிக்கைக்கும் காலி இடங்களின் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ரெட்மாங்க் பட்டியல், கோட்டைப் பகிரும் தளமான கிட்ஹப்பையும் புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் பார்க்கிறது. வங்கிக்குள் பூட்டி வைத்திருக்கும் ஜாவா கோட் அந்தக் கணக்கில் வராது.

கிட்ஹப் 2024இல் வெளியிட்ட ஆண்டறிக்கையில் பைதான் ஜாவாஸ்கிரிப்ட்டை முந்தியது. 2025 ஆகஸ்டில் டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் முந்தியது. இரண்டு வருடத்தில் இரண்டு 'நம்பர் ஒன்'. அதைப் பார்த்து மொழி மாற்றிக்கொண்டிருந்தால் எதிலும் வேரூன்ற மாட்டீர்கள். முதல் பத்துக்குள் நெடுங்காலமாக எவை இருக்கின்றன என்று பார்ப்பதற்கு மட்டும் பட்டியல்கள் உதவும்.

முதல் மொழியே அரைகுறை. இரண்டாவதைத் தொடங்கலாமா?

வேண்டாம். ஒரு சின்ன சோதனை: நீங்கள் எழுதாத, ஐயாயிரம் வரி உள்ள ஒரு புரோகிராமில் பிழை இருக்கிறது என்று கொடுத்தால், பிழை தேடும் கருவியான டீபகரை வைத்துக்கொண்டு நீங்களே அதைத் தேடிக் கண்டுபிடிப்பீர்களா? முடியுமென்றால் தொடங்குங்கள். முடியாதென்றால் இரண்டாவது மொழியிலும் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். அங்கே உங்களைத் தடுப்பது மொழி இல்லை.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பதை முதல் மொழிக்கு முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது மொழிக்குப் பாதிதான். அங்கே கொஞ்சம் அகலமும் தேவைப்படுகிறது.

எஸ்க்யூஎல் எல்லாம் ஒரு மொழியா? அதைப் போய் ஏன் முதலில் வைக்கிறீர்கள்?

எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவு மாதிரியை எழுதினார். 1974இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கு ஒரு மொழி அமைத்தார்கள். 1986இல் அது தரநிலை ஆனது. அதன் பிறகு எத்தனை மொழிகள் வந்து போயின! டேட்டாபேஸோடு பேசும் வழி மட்டும் அப்படியே நிற்கிறது. கற்ற உழைப்பு இவ்வளவு காலம் வீணாகாமல் இருக்கும் இன்னொரு மொழியை என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. பேக்எண்ட், தரவு ஆய்வு, டெஸ்டிங், அறிக்கை தயாரிப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கூடவே வரும்.

'எனக்குத் தெரியும்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செலக்ட், இரண்டு டேபிளுக்கு ஒரு ஜாயின், ஒரு குரூப் பை என்ற அளவில் நின்றிருப்பார்கள். இன்டர்வியூவில் நான் கேட்பது எளிய கேள்விதான்: ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி ஆர்டரை மட்டும் எடுத்துக் கொடுங்கள். வரிசைகளைக் குழு குழுவாகப் பார்த்துக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன் தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் எழுதுவார். அது 2003 தரநிலையிலேயே வந்துவிட்டது, புதுச்சரக்கு இல்லை. தெரியாதவர் எல்லா வரிசைகளையும் புரோகிராமுக்குள் இழுத்து வந்து லூப் போட்டுப் பிரிப்பார். ஆர்டர் ஐந்து கோடி என்றால் என்ன ஆகும் என்று கேட்டதும் அமைதி.

மெதுவாக ஓடும் ஒரு குவெரியை எக்ஸ்பிளெயின் கட்டளை போட்டுப் படித்து, எந்த இண்டெக்ஸ் இல்லாததால் மொத்த டேபிளையும் புரட்டுகிறது என்று சொல்லத் தெரிந்தால் உங்கள் மதிப்பு ஒரு படி ஏறும். டிரான்சாக்‌ஷன் நடுவில் அறுந்தால் என்ன ஆகும், இரண்டு பேர் ஒரே வரிசையை ஒரே நேரத்தில் மாற்றினால் யாருடையது நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத மாலைநேரங்கள் போதும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இலவசம்.

பைதான் தெரியும். அடுத்தது?

எந்தப் பைதான் என்பதைப் பொறுத்தது. பாண்டாஸ் வைத்துத் தரவைப் புரட்டும் பைதான் என்றால் எஸ்க்யூஎல்லை ஆழப்படுத்தி, அதன்பின் பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டும் ஸ்பார்க் பக்கம் போங்கள். ஸ்பார்க் எழுதப்பட்டது ஸ்காலாவில். ஆனால் அதைப் பயன்படுத்த இப்போது பைதானே போதும். ஸ்காலாவைத் தனியாகக் கற்க அவசரமில்லை. ஜாங்கோ, ஃபாஸ்ட்ஏபிஐ வைத்து வெப் பேக்எண்ட் எழுதும் பைதான் என்றால் டைப்ஸ்கிரிப்ட்டோ கோவோ உங்கள் வேலைக்குப் பக்கத்து வீடு.

இரண்டாவது மொழி ஒன்றைப் பைதான்காரர்களுக்கு நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வதுண்டு. டைப்பை (தரவு எண்ணா எழுத்தா என்ற வகையை) கண்டிப்பாகக் கேட்கிற, கம்பைலர் முன்கூட்டியே அதட்டுகிற மொழியைத் தொடாமல் ஐந்து வருடம் ஓட்டிவிட்டால் சில பழக்கங்கள் இறுகிவிடும். இன்னொன்று: பைதானின் வேகமான பகுதிகள் எல்லாம் அடியில் வேறு மொழி. எண்கணக்குக்கான நம்பையின் உள்ளே சி, மெஷின் லேர்னிங்குக்கான பைடார்ச்சின் உள்ளே சி++. ஒரே நேரத்தில் ஒரு த்ரெட் (ஒரு வேலை ஓட்டம்) மட்டும் ஓட விடும் அந்தப் பிரபலமான பூட்டை விலக்கும் முயற்சி 2024 அக்டோபரில் வந்த 3.13இல் சோதனையாகத் தொடங்கி, 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றிருக்கிறது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

பல வருடமாக ஜாவா. சலித்துவிட்டது. விட்டுவிடலாமா?

எந்த ஜாவா சலித்தது? 2014இல் வந்த ஜாவா 8இலேயே உங்கள் நிறுவனம் நின்றிருந்தால், சலித்தது ஜாவா இல்லை, 2014. ரெக்கார்டு, பேட்டர்ன் மேட்சிங் எல்லாம் அதன்பிறகு வந்தவை. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21இல் விர்ச்சுவல் த்ரெட் வந்தது. ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையாள முன்பு படாத பாடுபட்டு எழுதிய கோட்டை இப்போது சாதாரணமாக, மேலிருந்து கீழாக எழுதலாம். நீண்டகால ஆதரவுள்ள அடுத்த பதிப்பு 25, 2025 செப்டம்பரில் வந்தாயிற்று. ஒரு மாதம் புதிய ஜாவாவைக் கற்றுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

அதற்குப் பிறகும் மாறத் தோன்றினால் கோட்லின் எளிது. ஜாவா ஓடும் அதே இயந்திரத்தில் ஓடும், பழைய ஜாவா லைப்ரரிகள் அப்படியே வரும். சி ஷார்ப் போவது தமிழ் தெரிந்தவர் மலையாளம் கற்பது மாதிரி: சொல்லில் பாதி தெரிந்தது, கவனிக்க வேண்டியது தெரிந்தது மாதிரி இருந்து வேறு பொருள் தரும் சொற்களைத்தான்.

ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரியும்.

டைப்ஸ்கிரிப்ட். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் டைப் சேர்த்த மொழி, 2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. டர்போ பாஸ்கலையும் சி ஷார்ப்பையும் உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்கின் கை. உங்கள் பழைய கோட் எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஒவ்வொரு ஃபைலாக மாற்றலாம். எந்த டைப்பானாலும் சரி என்று அர்த்தம் தரும் 'எனி' என்று போட்டுத் தப்பிப்பதை மட்டும் நிறுத்துங்கள். அதன்பிறகு ஒரு பேக்எண்ட் மொழி.

கோ மொழியா, ரஸ்டா?

இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு வாரம் போவதில்லை. இரண்டு உண்மைக் கதைகள் சொல்கிறேன், அதிலேயே பதில் இருக்கிறது.

உரையாடல் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம், யார் எந்தச் செய்தி வரை படித்திருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் ஒரு சேவையைக் கோ மொழியில் எழுதியிருந்தது. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பதில் நேரம் குத்தென ஏறி இறங்கியது. காரணம், பயன்படாத மெமரியைக் கூட்டி அள்ளும் கோவின் கார்பேஜ் கலெக்டர். கோட்டில் தவறில்லை, மொழியின் இயல்பே அது. அந்தச் சேவையை ரஸ்ட்டில் மாற்றி எழுதினார்கள், குத்துக்கள் மறைந்தன. 2020இல் அவர்களே இதை விரிவாக எழுதினார்கள்.

இன்னொன்று 2025 மார்ச்சில். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் மெதுவாக இருக்கிறது என்று அதை வேறு மொழிக்கு மாற்ற மைக்ரோசாஃப்ட் குழுவினர் முடிவு செய்தார்கள். எல்லோரும் ரஸ்ட் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் கோவை எடுத்தார்கள். பழைய கோட்டின் அமைப்பு அப்படியே இருக்க வேண்டும், ஒன்றையொன்று சுற்றிச் சுட்டும் தரவு அமைப்புகள் நிறைய இருக்கின்றன, கார்பேஜ் கலெக்டர் இருந்தால் வரிக்கு வரி மாற்றிவிடலாம். சுமார் பத்து மடங்கு வேகம் கிடைத்தது. ரஸ்ட்டில் என்றால் அடித்தளத்திலிருந்து மறுபடி வடிவமைத்திருக்க வேண்டும்.

வேலைக் கணக்கில் இதை இப்படிப் பார்க்கிறேன். கோ மொழியில் மொத்தமே 25 முக்கியச் சொற்கள். இரண்டு வாரத்தில் எழுத வரும், இரண்டு மாதத்தில் பிறர் கோட்டைத் தைரியமாகத் திருத்தலாம். டாக்கர், குபெர்னெட்டிஸ், டெர்ராஃபார்ம், ப்ரோமீதியஸ் என்ற கிளவுட் கருவிகள் எல்லாம் கோ மொழியில் எழுதியவை என்பதால் கிளவுட் பக்கம் போக நினைப்பவருக்கு அது வேலையின் தாய்மொழி. பேக்எண்ட் ஆட்களுக்கு என் வழக்கமான பதில் கோ.

ரஸ்ட் கதை வேறு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்பில் 2016 முதல் தொடர்ந்து புரோகிராமர்கள் அதிகம் விரும்பும் மொழி அதுதான். ஆனால் 2024இல் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் சுமார் 13 விழுக்காடு. விருப்பத்துக்கும் சம்பளக் கவருக்கும் நடுவில் இன்னும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் குறைந்து வருவதற்கு ஒரு அழுத்தமான காரணமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டும், குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தின் குழுவும் தனித்தனியாக ஆராய்ந்து ஒரே எண்ணைச் சொன்னார்கள்: தங்கள் பெரிய பாதுகாப்பு ஓட்டைகளில் 70 விழுக்காடு அளவுக்கு மெமரி கையாளும் பிழைகள். சி, சி++ இரண்டின் பரம்பரை நோய் அது. ஆண்ட்ராய்டில் புதிய கோட்டை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, அந்த வகை ஓட்டைகளின் பங்கு 2019இல் இருந்த 76 விழுக்காட்டிலிருந்து 2024இல் 24க்கு இறங்கியதாகக் கூகுள் சொன்னது. பழைய கோட்டை யாரும் உட்கார்ந்து மாற்றி எழுதவில்லை. புதிதாக எழுதியதை மட்டும் மாற்றினார்கள், அதுவே போதுமாக இருந்தது. லினக்ஸ் கர்னலும் 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்குக் கதவைத் திறந்தது.

ஆக, நீங்கள் ஏற்கெனவே சி++, எம்பெடட், பாதுகாப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கம் இருந்தால் ரஸ்ட் உங்களுக்கு நேர்வழி. வெப் டெவலப்பராக இருந்து 'வேலைக்காக' மட்டும் ரஸ்ட் கற்கப் போகிறீர்கள் என்றால், முதல் மூன்று மாதம் மெமரி விதியை மீறினால் கம்பைல் செய்ய விடாத பாரோ செக்கர் என்ற கண்டிப்பான வாத்தியாரிடம் அடி வாங்கத் தயாராக இருங்கள். விரும்பிப் போகிறவர்கள் தாங்குகிறார்கள். கடனே என்று போகிறவர்கள் பாதியில் திரும்புகிறார்கள்.

அப்படியென்றால் சி, சி++ செத்துவிட்டனவா?

இல்லை. இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம், கேம் எஞ்சின், டேட்டாபேஸ், மைக்ரோகண்ட்ரோலர்கள் பெரும்பாலும் அவற்றில்தான். அந்தக் கோட்டை எல்லாம் யார் பராமரிப்பது? புதிதாக வருபவர்கள் குறைவதால், ஆழமாகத் தெரிந்தவருக்குக் கிராக்கி இருக்கிறது. 'ஆழமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்லூரியில் படித்த சி++ அந்தக் கணக்கில் வராது. 2011 தரநிலைக்குப் பிந்தைய சி++ கிட்டத்தட்ட வேறு மொழி.

மொபைல் ஆப் செய்ய?

ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட். 2017இல் கூகுள் கோட்லினை ஏற்றது, 2019 முதல் அதற்கே முன்னுரிமை. ஆப்பிள் 2014இல் ஸ்விஃப்ட்டை அறிமுகப்படுத்தியது. இரண்டு தளத்துக்கும் ஒரே கோட் வேண்டுமென்றால் ரியாக்ட் நேட்டிவ் அல்லது ஃபிளட்டர். முன்னதை ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் எளிதில் பிடிப்பார்கள், பின்னதற்கு டார்ட் கற்க வேண்டும். டார்ட்டுக்கு ஃபிளட்டரைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபால் மொழி கற்றால் கொட்டிக் கொடுக்கிறார்களாமே?

1959இல் தொடங்கிய மொழி. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர், வேலையின்மை உதவித்தொகை கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தபோது கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரும்படி வெளிப்படையாகவே அழைத்தார். அந்தச் செய்திக்குப் பிறகு இந்தக் கேள்வி ஓயவே இல்லை.

நாற்பது வருடக் கோட்டில் கை வைக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பணம். கோபாலின் இலக்கணத்தை ஒரு மாதத்தில் கற்கலாம். அந்த வங்கியில் வட்டி ஏன் இந்த வரிசையில் கணக்கிடப்படுகிறது, இரவு வேலை ஏன் இந்த ஒழுங்கில் ஓடுகிறது என்பதும், மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியின் சூழலும் உள்ளே இருந்துதான் வரும். மெயின்ஃபிரேம் வேலையில் சேர்ந்து, அங்கே பயிற்சி கொடுத்தால் தாராளமாகக் கற்கலாம். தனியாக வீட்டில் உட்கார்ந்து கற்று வேலை தேடுவது கடினம்.

பிஎச்பி?

கிண்டல் செய்பவர்கள் செய்துகொண்டே இருக்கிறார்கள்; இணையதளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஓட்டும் வேர்ட்பிரஸ் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிஎச்பியில் வெப் ஆப் கட்ட உதவும் லாராவெல் தெரிந்தவர்களுக்குச் சிறு நிறுவனங்களிலும் தனி ஒப்பந்த வேலைகளிலும் குறைவில்லை.

கோட் எல்லாம் ஏஐ எழுதுகிறதே, இனிமேல் மொழி கற்பது வீண்தானே?

2021இல் கோட் எழுதித்தரும் கோபைலட் சோதனைக்கு வந்தபோது நானும் கொஞ்சம் ஆடிப்போனேன். இப்போது என் கணிப்பு வேறு. எழுதும் செலவு குறைந்திருக்கிறது. படிக்கும் செலவு கூடியிருக்கிறது. தெரியாத மொழியில் இருநூறு வரி கோட்டை ஏஐ நொடியில் கொடுத்துவிடும். அதில் பதினேழாவது வரியில் கனெக்‌ஷனை மூடாமல் விட்டிருப்பதைக் கண்டுபிடிக்க அந்த மொழி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஆள் எடுக்கும்போது இப்போதெல்லாம் 'எழுதிக் காட்டு' என்பதைக் குறைத்துவிட்டேன். ஏஐ எழுதிய கோட்டைக் கொடுத்து 'இதை ஏற்றுக்கொள்வாயா' என்று கேட்கிறேன். தேறாதவர்கள் பெரும்பாலும் மொழியை மேலோட்டமாகத் தெரிந்தவர்கள்.

மொழித் தேர்வில் இது ஒரு சின்ன சாய்வைக் கொடுக்கிறது: டைப் கண்டிப்புள்ள மொழிகளில் ஏஐ செய்யும் அபத்தங்களில் ஒரு பகுதியைக் கம்பைலரே பிடித்துவிடும். பொதுவெளியில் நிறையக் கோட் கிடைக்கும் மொழிகளில் அது நன்றாக எழுதுகிறது, அபூர்வ மொழிகளில் இல்லாத ஃபங்ஷன்களைத் தைரியமாகக் கற்பனை செய்கிறது.

புதிய மொழிக்கு எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்?

முதல் மொழி கைவந்திருந்தால், அதே குடும்பத்து மொழியில் மூன்று நான்கு வாரத்தில் ஓடுகிற கோட் எழுதிவிடலாம். அந்த மொழிக்காரர்கள் பார்த்து முகம் சுளிக்காத கோட் எழுத ஆறு மாதம் ஆகும். ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அது தமிழாகிவிடாதில்லையா? ஜாவாக்காரர் முதலில் எழுதும் பைதானும் அப்படித்தான் இருக்கும்: எல்லாவற்றுக்கும் ஒரு கிளாஸ், ஒவ்வொரு கிளாஸுக்கும் கெட்டர், செட்டர். திறந்த மூல பிராஜெக்ட் ஒன்றை எடுத்து, அதில் மூத்தவர்கள் பிறர் கோட்டுக்கு எழுதும் விமர்சனங்களைப் படியுங்கள். எந்த வகுப்பும் தராத பாடம் அங்கே இருக்கிறது.

நேரத்தை விழுங்குவது மொழி இல்லை, கூட வரும் படை. வேலைக்கு ஜாவா என்றால் ஸ்பிரிங், மேவன், ஹைபர்னேட் எல்லாம் சேர்ந்ததுதான் ஜாவா. திட்டமிடும்போது மொழிக்கு ஒரு பங்கு என்றால் இவற்றுக்கு மூன்று பங்கு வையுங்கள்.

ஹாஸ்கல், கிளோஷர் மாதிரி மொழிகளால் வேலைக்குப் பயன் உண்டா?

நேரடியாக மிகக் குறைவு. மறைமுகமாக உண்டு, மாறாத தரவை வைத்து யோசிக்கும் பழக்கம் எந்த மொழிக்கும் கூடவே வரும். எனக்கு அவற்றைப் பிடிக்கும், ஆனால் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இப்போதே கற்கச் சொல்லமாட்டேன். வேலையில் உட்கார்ந்த பிறகு, விடுமுறையில்.

கற்றுவிட்டேன். 'வேலையில் பயன்படுத்தியிருக்கிறீர்களா' என்று கேட்கிறார்களே?

இருக்கும் வேலைக்குள்ளேயே அதை நுழைக்கப் பாருங்கள். வாராவாரம் கையால் செய்யும் ஒரு சலிப்பான வேலையைத் தானாக ஓடவைக்கும் சின்னக் கருவியைப் புதிய மொழியில் எழுதுங்கள். மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நாளை நீங்கள் போனபின் அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் திட்டு வாங்க வேண்டாம். 'லாக் ஃபைல்களைச் சலித்து அறிக்கை அனுப்பும் கருவியைக் கோ மொழியில் எழுதினேன், குழுவில் ஆறு பேர் பயன்படுத்துகிறார்கள்' என்ற ஒரு வரி, மூன்று சான்றிதழ்களைவிடக் கனமானது.

வழி இல்லையென்றால் சொந்த பிராஜெக்ட். எல்லோரும் செய்யும் பணிப்பட்டியல் ஆப் வேண்டாம். ஒருவராவது உண்மையில் பயன்படுத்தும் ஏதாவது ஒன்று. பிழை வந்து நீங்கள் சரிசெய்த கதை அதில் இருக்க வேண்டும். இன்டர்வியூவில் பேச அந்தக் கதைதான் உதவும். ரெஸ்யூமில் பன்னிரண்டு மொழிகளின் பெயரை அடுக்குவதும் வேண்டாம். போட்டது எல்லாவற்றிலும் கேள்வி வரும். பட்டியலின் கடைசியில் இருக்கும் மொழியிலிருந்து ஆரம்பிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

தவறான மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த உழைப்பெல்லாம் போய்விடுமே?

2008இல் நான் கற்றது ஃபிளாஷில் கோட் எழுதும் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3. பிரவுசரில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் இல்லாத இணையதளமே இல்லை என்று இருந்த காலம். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனில் ஃபிளாஷ் ஏன் வராது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். வேலைகள் ஒவ்வொன்றாக வற்றின. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி அதற்கு முழுக்குப் போட்டது. இதைவிட மோசமான தேர்வு ஒருவர் செய்திருக்க முடியாது என்று நண்பர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள்.

பல வருடம் கழித்து ஒரு பிராஜெக்டில் டைப்ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னார்கள். முதல் ஃபைலைத் திறந்தேன். வேரியபிள் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதன் பக்கத்தில் டைப். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டில் நான் வருடக்கணக்கில் எழுதிய அதே வரிசை. கிளாஸ், இன்டர்ஃபேஸ், நிகழ்வுக்குக் காத்திருக்கும் ஃபங்ஷன்கள் என்று பழைய முகங்களாகவே வந்துகொண்டிருந்தன. அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிட்டேன்.